பாதி வழியில் நிற்கும் நிகழ்ச்சி

உங்கள் தாத்தா தொலைக்காட்சியில் தோன்றியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பழைய நெல் வகைகளைப் பற்றிய ஒரு மணி நேர நிகழ்ச்சி அது. கூடத்தில் தொலைக்காட்சிக்கு அடியில் இருக்கும் பதிவுப் பெட்டி அதனை ஒழுங்காகப் பதிவு செய்துவிட்டது. ஆனால் பெட்டிக்குள் இருக்கும் ஹார்டு டிஸ்க் நிரம்பும் நிலையில் உள்ளது. இவ்வகைப் பெட்டிகள் பலவற்றில் இடம் தீர்ந்துவிட்டால், இருப்பவற்றுள் மிகப் பழைய பதிவு தானாகவே அழிக்கப்படும். நாளை இரவு புதிதாக ஒரு படம் பதிவாக இருக்கிறது. அழிவதற்கு வரிசையில் முதலாவதாக நிற்பது தாத்தாவின் நிகழ்ச்சிதான்.

அதனை உங்கள் மடிக்கணினிக்கு மாற்றிவிடலாம் என்று தொடங்குகிறீர்கள். ஐந்து நிமிடத்தில் முடியும் என்று எதிர்பார்த்தால், திரையில் 'இன்னும் இரண்டு மணி நேரம்' என்று வருகிறது. சிறிது நேரத்தில் அதுவும் நின்றுபோகிறது. என்ன செய்வீர்கள்?

பெரும்பாலோர் எல்லாவற்றையும் அணைத்துப் போடுவார்கள். கேபிளைப் பிடுங்கிச் செருகுவார்கள். அப்பா, "நெட் மெதுவாக இருக்கிறது, கம்பெனிக்குப் போன் செய்" என்பார். இவற்றுள் ஏதோ ஒன்றால் பழுது நீங்கினாலும், எதனால் நீங்கியது என்று தெரியாது. மறுவாரம் அதே பழுது வந்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நல்ல மருத்துவர் ஒரே வேளையில் பத்து மருந்துகளைக் கொடுப்பதில்லை அல்லவா? நோய் எந்த உறுப்பில் என்று முதலில் பார்க்கிறார். வலைத்தொடர்பின் பழுதையும் அவ்வாறே தேடலாம்.

தேடத் தொடங்குமுன் ஒரு முதலுதவி. நாளை இரவுப் பதிவை ரத்து செய்துவிடுங்கள். பதிவு அழியாதபடி பூட்டி வைக்கும் வசதி பெட்டியில் இருந்தால் அதையும் பயன்படுத்துங்கள். இனி அவசரமின்றிச் சிந்திக்கலாம்.

வீட்டுக்குள்ளேயே ஒரு பயணம்

நிகழ்ச்சி எந்த வழியாகச் செல்கிறது? ஒரு தாளை எடுத்துப் படம் வரையுங்கள். இடப்பக்கம் பதிவுப் பெட்டி. நடுவில் ரவுட்டர். வலப்பக்கம் மடிக்கணினி. பெட்டிக்கும் ரவுட்டருக்கும் இடையே ஒரு கேபிள் இருக்கலாம். அல்லது வைஃபை வழியாகத் தொடர்பு இருக்கலாம். ரவுட்டருக்கும் மடிக்கணினிக்கும் இடையே பெரும்பாலும் வைஃபைதான்.

இந்தப் படத்தில் இணையம் எங்கே இருக்கிறது? எங்குமே இல்லை! நிகழ்ச்சி வீட்டை விட்டு வெளியே போவதில்லை. கூடத்திலிருந்து ரவுட்டருக்கு வந்து, அங்கிருந்து உங்கள் அறைக்குத் திரும்பிவிடுகிறது. ரவுட்டர் என்பது ஒரு தெருவின் அஞ்சலகம் போன்றது. அடுத்த வீட்டுக்கு எழுதிய கடிதம் வெளியூர் போய்த் திரும்ப வேண்டியதில்லை. என்றாவது இணையத் தொடர்பு அறுந்துபோனால் அன்றைக்குச் சோதித்துப் பாருங்கள். கோப்புகளை இரு கருவிகளுக்கிடையே நேராக மாற்றும் வசதி அப்போதும் வேலை செய்யும். ஆகவே நீங்கள் மாதந்தோறும் பணம் கட்டும் இணைய வேகத்துக்கும் இந்தத் தாமதத்துக்கும் தொடர்பில்லை. படத்தை வரைந்த உடனேயே ஒரு சந்தேகம் நீங்கிவிட்டது, பார்த்தீர்களா?

முதலில் ஒரு கணக்கு

'மெதுவாக இருக்கிறது' என்று சொல்வதற்கு முன், எவ்வளவு நேரம் ஆகவேண்டும் என்பதைக் கணக்கிட்டு அறிவது நல்லது. இங்கே பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. கோப்பின் அளவைப் பைட்டுகளில் சொல்கிறோம். தொடர்பின் வேகத்தைப் பிட்டுகளில் சொல்கிறோம். 8 பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட்.

தெளிவான படமுள்ள ஒரு நிகழ்ச்சி விநாடிக்கு 8 மெகாபிட் வீதம் பதிவாகிறது என்று கொள்வோம். ஒரு மணி நேரத்துக்கு 3,600 விநாடிகள். ஆகவே மொத்தம் 28,800 மெகாபிட்டுகள். இதனை 8-ஆல் வகுத்தால் 3,600 மெகாபைட், அதாவது 3.6 ஜிகாபைட்.

விநாடிக்கு 100 மெகாபிட் செல்லும் கேபிளில் இது 288 விநாடிகளில் போக வேண்டும். முகவரி முதலியவற்றைச் சேர்த்து அனுப்புவதில் சற்று வீணாவதால் ஐந்து நிமிடங்களுக்குச் சிறிது கூடுதலாகும். 1,000 மெகாபிட் கேபிளில் அரை நிமிடம் போதும்; அங்கே கேபிள் ஓடினாலும் ஹார்டு டிஸ்க் பின்தங்கக்கூடும். விநாடிக்கு 40 மெகாபிட் தரும் சாதாரண வைஃபையில் 12 நிமிடங்கள். இரண்டு மணி நேரம் ஆகிறது என்றால்? 28,800 மெகாபிட்டுகளை 7,200 விநாடிகளால் வகுத்துப் பாருங்கள். விநாடிக்கு 4 மெகாபிட்தான் செல்கிறது! கேபிளுக்கும் ரவுட்டருக்கும் இது மிக மிகக் குறைவு. எனவே உண்மையாகவே எங்கோ கோளாறு இருக்கிறது என்பது உறுதியாயிற்று.

பாதியாக வெட்டிப் பாருங்கள்

கோளாறு எங்கே? பெட்டியிலா, முதல் இணைப்பிலா, ரவுட்டரிலா, இரண்டாம் இணைப்பிலா, மடிக்கணினியிலா? ஒவ்வொன்றாகத் தேடுவதைவிடச் சிறந்த வழி, பாதையை நடுவில் வெட்டிப் பார்ப்பதாகும். நூல் கண்டில் முடிச்சு எங்கே என்று தேடும்போது நடுவில் பிடித்து, 'இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா' என்று பார்ப்பதுபோல.

ரவுட்டர்தான் நடுப்புள்ளி. மடிக்கணினியை ரவுட்டருக்கு அருகில் கொண்டுபோய், வைஃபையை அணைத்துவிட்டு, கேபிள் வழியாக இணையுங்கள். மெல்லிய மடிக்கணினிகளில் கேபிள் செருகும் துளை இராது. அதற்கென யுஎஸ்பியில் செருகும் சிறு இணைப்பான் கடைகளில் கிடைக்கும். இப்போது மீண்டும் கோப்பை அனுப்புங்கள். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டால், பெட்டியும் முதல் இணைப்பும் குற்றமற்றவை. பழுது வைஃபைப் பகுதியில்தான். இன்னும் இழுத்துக்கொண்டே இருந்தால், சந்தேகத்துக்குரியது பெட்டிப் பக்கம். ஒரே சோதனையில் பாதி வழியை ஒதுக்கிவிட்டீர்கள்!

இம்முறையின் வலிமையைச் சற்று எண்ணிப் பாருங்கள். எட்டு இடங்களில் ஏதோ ஓர் இடத்தில் பழுது என்றால் மூன்று சோதனைகள் போதும். 1,024 இடங்கள் என்றாலும் பத்தே சோதனைகள்தாம். மின்கம்பி அறுந்த இடம், குழாய் அடைத்த இடம், கணினி நிரலில் பிழையுள்ள வரி ஆகிய எல்லாவற்றையும் இப்படித் தேடலாம்.

பெட்டியே தென்படாவிட்டால்

சில வேளைகளில் மடிக்கணினியின் திரையில் பதிவுப் பெட்டியின் பெயரே வராது. அப்போது வேகத்தைப் பற்றிய கேள்வியே எழவில்லை. இருவரும் ஒருவரை ஒருவர் அறியவில்லை என்பதே செய்தி.

வலையில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் முகவரி உண்டு. வீடுகளில் அது பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். இத்தகைய எண்களை வீடுகளும் நிறுவனங்களும் உள்ளுக்குள் பயன்படுத்திக்கொள்வதற்கென்றே 1996-இல் ஒரு விதியின் வாயிலாக ஒதுக்கி வைத்தனர். இந்த எண்களை ரவுட்டர்தான் கருவிகளுக்கு வழங்குகிறது. பெட்டியின் அமைப்புப் பட்டியலிலும் மடிக்கணினியின் வலை அமைப்பிலும் இந்த எண்களைப் பார்த்துத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

எடுத்துக்காட்டாக, பெட்டி 192.168.1.20 என்றும், மடிக்கணினி 192.168.1.35 என்றும் இருந்தால் இருவரும் ஒரே தெருவினர். மடிக்கணினி 192.168.0.35 என்று இருந்தால்? பெரும்பாலான வீட்டு வலைகளில் முதல் மூன்று பகுதிகள் தெருவின் பெயர். கடைசிப் பகுதி வீட்டு எண். ஆகவே இருவரும் வெவ்வேறு தெருவில் இருக்கிறார்கள். வீட்டில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு ரவுட்டர்கள் இருக்கும்போது இப்படி நேர்வதுண்டு. இரு கருவிகளையும் ஒரே ரவுட்டரில் சேர்த்தால் தீர்ந்துவிடும். எண் 169.254 என்று தொடங்கினால் வேறு பொருள்: ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்காமல், கருவி தனக்குத்தானே ஒரு பெயரைச் சூட்டிக்கொண்டது. அப்போது ரவுட்டருடன் உள்ள தொடர்பைத்தான் சோதிக்க வேண்டும்.

எண் தெரிந்ததும் குரல் கொடுத்துப் பார்க்கலாம். கணினியின் கட்டளைத் திரையில் 'பிங்' என்னும் ஆங்கிலச் சொல்லைத் தட்டி, ஓர் இடம் விட்டு, பெட்டியின் எண்ணைத் தட்டுங்கள். மடிக்கணினி, "இருக்கிறாயா?" என்று ஒரு சிறு செய்தி அனுப்பும், பெட்டி, "இருக்கிறேன்" என்று பதில் தரும். போய்வர ஆன நேரமும் திரையில் தெரியும். இந்த நிரலை 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்னும் அமெரிக்கர் எழுதினார். நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டுபிடிக்கக் கடலுக்குள் ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கும் சோனார் முறையை நினைந்து, அந்த ஒலியின் பெயரையே இதற்கு வைத்தார். நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் வலைப் பொறியாளர்கள் முதலில் கையில் எடுப்பது இதைத்தான்.

முதலில் ரவுட்டருக்குக் குரல் கொடுங்கள், பிறகு பெட்டிக்கு. ரவுட்டர் பதில் தந்து, பெட்டி தராவிட்டால் பழுது எந்தப் பாதியில் என்று நீங்களே சொல்வீர்கள். ஆனால் ஓர் எச்சரிக்கை. சில கருவிகள் பாதுகாப்புக்காக இத்தகைய குரலுக்குப் பதில் சொல்லாதபடி அமைக்கப்பட்டிருக்கும். ஆகவே பதில் வந்தால் வழி திறந்திருக்கிறது என்பது உறுதி; வராவிட்டால் மூடியிருக்கிறது என்பது உறுதியன்று.

பதில் வந்தும் பெட்டியின் பெயர் தென்படவில்லையா? மடிக்கணினியில் 'பொது இடம்', 'சொந்த இடம்' என்று இரு அமைப்புகள் இருக்கும். பொது இடம் என்று குறித்திருந்தால், அயலாருக்கு அஞ்சிக் கதவைச் சாத்திக்கொள்வதுபோல மடிக்கணினி மற்றக் கருவிகளிடமிருந்து ஒதுங்கியிருக்கும். வீட்டு வலை என்பதால் சொந்த இடம் என்று மாற்றலாம். விருந்தினருக்கென ரவுட்டர் தரும் தனி வைஃபையில் நீங்கள் சேர்ந்திருந்தாலும் இதே நிலைதான். விருந்தினர் வீட்டுக் கருவிகளைத் தொடக்கூடாது என்பதே அந்த ஏற்பாட்டின் நோக்கம்.

காற்றில் நடக்கும் நெரிசல்

பெட்டி தென்படுகிறது; ஆனால் வேகமில்லை. கேபிள் சோதனையில் பழுது வைஃபைப் பக்கம் என்றும் கண்டுகொண்டீர்கள். இனி வானொலி அலைகளைப் பற்றிச் சிறிது அறிய வேண்டும்.

வைஃபை பெரும்பாலும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ், 5 ஜிகாஹெர்ட்ஸ் என்னும் இரு பட்டைகளில் இயங்குகிறது. முதலாவதன் அலைநீளம் ஏறத்தாழ 12.5 சென்டிமீட்டர்; இரண்டாவது 6 சென்டிமீட்டர். முதலாவது சுவர்களைச் சற்று எளிதாகக் கடக்கும். ஆனால் அங்கே கூட்டம் அதிகம். அண்டை வீடுகளின் ரவுட்டர்கள், புளூடூத் கருவிகள் ஆகிய பலவும் அதே பட்டையில் பேசுகின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் 2.45 ஜிகாஹெர்ட்ஸ் அளவில் இயங்குவதால், அதிலிருந்து கசியும் சிறிதளவு அலைகளே இரைச்சலாகிவிடுகின்றன. சந்தைக்கடையில் நின்று பேசுவதைப் போன்றது இது. 5 ஜிகாஹெர்ட்ஸ் பட்டையில் இடம் தாராளம், வேகமும் கூடுதல். ஆனால் இரண்டு சுவர்களுக்கு அப்பால் அதன் வலு வெகுவாகக் குறைந்துவிடும். இரும்பு பீரோவும் கம்பி கட்டிய கான்கிரீட்டும் இரண்டு பட்டைகளுக்குமே பகை.

இன்னொரு மறைவான காரணமும் உண்டு. பதிவுப் பெட்டியும் மடிக்கணினியும் இரண்டுமே ஒரே ரவுட்டரின் வைஃபையில் இருந்தால், ஒவ்வொரு செய்தியும் காற்றில் இருமுறை செல்கிறது: பெட்டியிலிருந்து ரவுட்டருக்கு ஒரு முறை, ரவுட்டரிலிருந்து மடிக்கணினிக்கு மறுமுறை. ஒரே அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். ஆகவே வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். பெட்டியை மட்டும் கேபிளில் இணைத்துவிட்டால், ஒரு பயணம் குறைந்து வேகம் இருமடங்காகலாம். புதிய ரவுட்டர் வாங்குவதற்கு முன் இதனைச் செய்து பார்ப்பது புத்திசாலித்தனம்.

காணாமற்போகும் பொட்டலங்கள்

நிகழ்ச்சி முழுவதும் ஒரே மூட்டையாகப் போவதில்லை. சுமார் 1,460 பைட் கொண்ட சிறு பொட்டலங்களாகப் பிரிந்து செல்கிறது. தாத்தாவின் நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ 25 இலட்சம் பொட்டலங்கள்! 'வந்து சேர்ந்தது' என்று மடிக்கணினி அவ்வப்போது ஒப்புகை அனுப்புகிறது. ஏதாவது ஒன்று காணாமற்போனால், பெட்டி அதனை மீண்டும் அனுப்ப வேண்டும். அத்துடன், வழியில் நெரிசல் என்று கருதித் தன் வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். ஆகவே நூற்றுக்கு ஒன்றிரண்டு தொலைந்தாலும் வேகம் பெருமளவு விழுந்துவிடும்.

இந்த ஒழுங்கு தானாக வந்துவிடவில்லை. 1986 அக்டோபரில் அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும், அதற்கு 400 கெஜ தூரத்திலேயே இருந்த கலிபோர்னியப் பல்கலைக்கழகத்துக்கும் இடையே ஓடிய செய்தியின் வேகம் திடீரென்று சரிந்தது. விநாடிக்கு 32,000 பிட்டுகளாக இருந்தது 40 பிட்டுகளாயிற்று! நடந்தே போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கலாம். பொட்டலங்கள் நெரிசலில் தொலையத் தொலைய, எல்லாக் கணினிகளும் மேலும் மேலும் திருப்பி அனுப்பி நெரிசலைப் பெருக்கிக்கொண்டிருந்தன. வான் ஜேக்கப்சன் என்னும் அறிஞர் இதனை ஆராய்ந்து, தொலைந்தால் வேகத்தைக் குறை, ஒழுங்காகச் சென்றால் மெல்லக் கூட்டு என்னும் முறையை வகுத்து 1988-இல் வெளியிட்டார். இன்று உங்கள் வீட்டுக் கூடத்திலும் அதன் வழிவந்த முறைகளே வேலை செய்கின்றன.

பொட்டலங்கள் தொலைவதற்கு வைஃபை மட்டுமே காரணமன்று. நசுங்கிய கேபிளும் காரணமாகலாம். கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் நான்கு இணைகளாக முறுக்கப்பட்டிருக்கின்றன. 100 மெகாபிட்டுக்கு இரண்டு இணைகள் போதும். 1,000 மெகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். கதவிடுக்கில் சிக்கி ஒரு கம்பி அறுந்தால், கருவிகள் பல நேரங்களில் குறைந்த வேகத்துக்கு இறங்கி ஓடிக்கொண்டிருக்கும். சில நேரங்களில் இணைப்பே விட்டுவிட்டு வரும். நல்லதென்று தெரிந்த வேறொரு கேபிளை மாற்றிப் பார்ப்பதே எளிய சோதனை.

வலையின் மேல் வீண்பழி

சில பழுதுகளுக்கும் வலைக்கும் தொடர்பே இல்லை. அவற்றையும் அறிந்திருப்பது அவசியம்.

ஒவ்வொரு முறையும் சரியாக 4 ஜிகாபைட் சென்றதும் நின்றுவிடுகிறதா? அப்படியானால் நீங்கள் கோப்பைச் சேமிக்கும் பென் டிரைவ் ஃபேட்-32 என்னும் பழைய முறையில் அமைக்கப்பட்டிருக்கலாம். அம்முறையில் ஒரு கோப்பின் அளவு 429,49,67,295 பைட்டுக்கு மேல் போக முடியாது. தாத்தாவின் ஒரு மணி நேர நிகழ்ச்சி தப்பிவிடும். ஒன்றரை மணி நேரப் படம் மாட்டிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் பத்து நிமிடத்தில் நிற்கிறதா? மின்சாரத்தைச் சேமிக்க மடிக்கணினி உறங்கிவிடுகிறதா என்று பாருங்கள். நிற்கும் இடம் மாறாமல் இருந்தால் ஏதோ ஒரு வரம்பு காரணம். நேரம் மாறாமல் இருந்தால் ஏதோ ஒரு கடிகாரம் காரணம். இரண்டும் மாறிக்கொண்டே இருந்தால் வைஃபையையோ கேபிளையோ சந்தேகிக்கலாம். பழுது எப்படி நிகழ்கிறது என்பதே பழுதின் சாட்சி.

கோப்பு முழுமையாக வந்தும் படம் ஓடவில்லையா? கட்டணச் சேனல்களின் பதிவுகளைப் பல பெட்டிகள் பூட்டிய வடிவில் வைக்கின்றன. அவை அந்தப் பெட்டியில் மட்டுமே ஓடும். இது பழுதன்று, ஏற்பாடு. இலவசமாக வரும் சேனலின் பதிவுக்குப் பெரும்பாலும் இந்தத் தடை இராது.

ஒரு வேளையில் ஒரு மாற்றம்

இவ்வளவையும் செய்யும்போது ஒரு விதியை மட்டும் மறவாதீர்கள்: ஒரு வேளையில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். கேபிளையும் மாற்றி, பட்டையையும் மாற்றி, ரவுட்டரையும் நகர்த்திவிட்டால், பலன் எதனால் வந்தது என்று அறிய முடியாது. பள்ளிச் சோதனைக்கூடத்தில் ஊசலின் நீளத்தை மாற்றும்போது குண்டின் எடையை மாற்றாமல் வைக்கிறீர்களே, அதே விதிதான். ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள்: என்ன மாற்றினேன், எவ்வளவு நேரம் ஆயிற்று, விநாடிக்கு எத்தனை மெகாபிட். எல்லாச் சோதனைக்கும் ஒரே கோப்பைப் பயன்படுத்துங்கள்.

தாத்தாவின் நிகழ்ச்சி மடிக்கணினிக்கு வந்து சேர்ந்ததும், கடைசி வரை ஓட்டிப் பாருங்கள். பிறகு வேறொரு ஹார்டு டிஸ்க்கிலும் ஒரு படியை எடுத்து வையுங்கள். ஒரே படியாக இருப்பது என்றைக்கேனும் இல்லாமற் போகக்கூடும். அதன் பின்னரே பெட்டியில் உள்ளதை அழிக்கலாம்.

அடுத்த முறை வீட்டில் யாராவது, "நெட் மெதுவாக இருக்கிறது" என்று சொன்னால், உடனே ரவுட்டரை அணைக்க ஓடாதீர்கள். ஒரு தாளும் பென்சிலும் எடுங்கள். வழியை வரையுங்கள். நடுப்புள்ளியில் விரலை வையுங்கள். 'இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?' என்று கேளுங்கள்.